பித்தளைத் துளையில் ஓடிய பந்தயம்

கடலூரிலும் சிதம்பரத்திலும் ஒரு காலத்தில் வாடகைக்கு ஓடிய அம்பாசிடரின் பானட்டைத் தூக்கினால் 1489 சி.சி. இன்ஜினும், அதன் தோளில் தொற்றிக்கொண்டு காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டரும் தெரியும். கல்யாண வீட்டாரைக் கோயிலுக்கு ஏற்றிப்போன அந்த இன்ஜின்தான், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் பந்தயமும் ஓடியது. இரண்டுக்கும் நடுவே இருந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு ஒரு மெக்கானிக்கின் காதிலும் விரலிலும் இருந்தது.

சோழவரம் பந்தயத்துக்காகப் போட்ட தடம் அல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், போர் முடிந்து கிடந்த அந்தக் கான்கிரீட் பரப்பைப் பந்தயக் களமாக்கியது. வெளிநாட்டுப் பந்தயக் கார் வைத்திருந்தவர்கள் சிலரே. இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம் என்பதால், மற்றவர்கள் ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு, அம்பாசிடர் என்று சாலையில் ஓடிய கார்களையே தயார்செய்து கொண்டுவந்தார்கள். ஹெரால்டு சென்னையிலேயே தயாரான கார். இன்ஜின் 948 சி.சி. ஃபியட்டுக்கு 1089 சி.சி. புதிய இன்ஜின் வாங்க வழியில்லாதவர், இருக்கிற இன்ஜினை இன்னும் நன்றாக மூச்சுவிட வைக்க வேண்டும்.

அந்த மூச்சுக்குக் கணக்கு உண்டு. 1 கிராம் பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். முழுவேகத்தில் அதிகபட்ச சக்தி வேண்டுமானால் காற்றை 13 கிராமுக்குச் சற்றுக் கீழே கொண்டுவர வேண்டும். பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் கார்புரேட்டர் வழியாகத் துப்பும், சூடேறும், கடைசியில் பிஸ்டனே ஓட்டையாகும். கூடினால் கரும்புகை, மந்தம். காலையில் 20 டிகிரியாக இருந்த காற்று நண்பகலில் 33 டிகிரிக்கு ஏறினால், அதன் அடர்த்தி ஏறக்குறைய 4 சதவீதம் குறைந்துவிடும். காலைப் பயிற்சியில் கச்சிதமாக இருந்த கலவை மதியப் பந்தயத்தில் தடித்துப்போகும். ஆகவே வெயிலையும் பார்த்துத்தான் ஜெட் மாற்ற வேண்டும்.

ஃபியட்டில் வந்த சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோலை அளப்பது ஒரு பித்தளை ஜெட். அதன்மேல் பொறித்த எண் துளையின் விட்டத்தைச் சொல்லும்: 120 என்றால் 1.20 மி.மீ. 120ஐக் கழற்றி 125 போட்டால், கண்ணுக்குத் தெரியாத அந்த 0.05 மி.மீ. மாற்றத்தால் துளையின் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

பழைய அம்பாசிடரின் எஸ்.யூ. கார்புரேட்டர் வேறு ஜாதி. அதில் ஒரு பிஸ்டன் காற்றின் இழுப்புக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதோடு சேர்ந்து கூரான ஊசி ஒன்றும் ஜெட்டுக்குள் ஏறி இறங்கும். சோதிக்கும் முறை அழகானது. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்க வேண்டும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணைந்துபோனால் குறைவு. லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு இறங்கினால் கலவை சரி. இரட்டைக் கார்புரேட்டர் என்றால் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயருகிலும் பிடித்து, இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை திருகுவார்கள்.

கடைசித் தீர்ப்பு ஸ்பார்க் பிளக்கினுடையது. நேர்த்தடத்தில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, கிளட்சை மிதித்து, அந்த நொடியே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அது காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் மிகை.

1990இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தடம் வந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது. அதற்குச் சற்று முன், 1980களின் இறுதியில், கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800இன் 796 சி.சி. இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியிருந்தார். ஃபார்முலா மாருதி என்ற அந்தக் கார், பெரும்பணம் இல்லாத இளைஞர்களுக்கும் பந்தயத்தின் கதவைத் திறந்தது. நரேன் கார்த்திகேயன் பந்தயம் தொடங்கியது அதில்தான். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத்தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

2000ஆம் ஆண்டை ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது கார்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பிடித்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் பெரும்பாலான புதிய பைக்குகளிலிருந்தும் கார்புரேட்டர் விடைபெற்றது. காற்றை அளப்பது இப்போது சென்சாரின் வேலை, பெட்ரோலை அளந்து விடுவது இன்ஜெக்டரின் வேலை. புகையும் குறைந்தது, அது நல்லதே.

ஆனால் குழாயைக் காதில் வைத்துச் சீறலைப் பிரித்தறிந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்கள் அறிவில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மெக்கானிக்கல் மாணவர்களும் கடலூர் ஐ.டி.ஐ. மாணவர்களும் தங்கள் ஊர்ப் பழைய பட்டறைகளுக்கு ஒரு கேமராவோடு போக வேண்டும். அந்தப் பெரியவர்கள் கையில் ஒரு சோலெக்ஸைக் கொடுத்து, அவர்கள் பிரித்துப் பூட்டுவதையும் சொல்வதையும் அப்படியே பதிவுசெய்ய வேண்டும்.