பசையும் வண்ணமும்: ஒரு சிறு வரலாறு

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கோந்து பாட்டில் இருக்கும். வேலம்பிசினைத் தண்ணீரில் கரைத்தது. ரெவின்யூ ஸ்டாம்பு, உறை, கோப்பின் மேலுறை எல்லாவற்றுக்கும் அதுதான். இடம் மாறி ஒட்டிவிட்டால் ஈரத்துணியைச் சற்று நேரம் வைத்தால் போதும், வந்துவிடும். தேர்தல் சுவரொட்டிக்குக் காய்ச்சும் மைதா பசையும் இதே ஜாதிதான். ஒரு மழைக்குத் தாங்காது. தண்ணீரில் பிறந்த பசை தண்ணீரிலேயே போகும்.

இன்று கார்களில் ஒட்டும் ஸ்டிக்கரின் பசை வேறு வகை. ரப்பர் அல்லது அக்ரிலிக்கால் ஆனது. தண்ணீரை அது மதிப்பதே இல்லை. இந்த வகைப் பசையின் கதையில் காரின் வண்ணத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

1920களில் அமெரிக்காவில் இரட்டை வண்ணக் கார்களுக்கு மோகம். ஒரு வண்ணம் அடித்த பகுதியைக் காகிதத்தால் மூடி, ஓரங்களைப் பசையாலோ மருத்துவப் பிளாஸ்திரியாலோ ஒட்டிவிட்டு அடுத்த வண்ணத்தை அடிப்பார்கள். காகிதத்தை உரிக்கும்போது புது வண்ணமும் கூடவே பெயர்ந்து வந்துவிடும். செய்த வேலை முழுவதும் வீண். செயின்ட் பால் நகரில் உப்புத்தாள் தயாரித்த ஒரு கம்பெனியின் இளம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாள் மாதிரியைச் சோதிக்கப் பட்டறைக்குப் போனபோது இந்தத் திண்டாட்டத்தைப் பார்த்தார். அந்தக் கம்பெனிதான் இன்றைய ‘த்ரீ எம்’. தச்சர்களின் வஜ்ஜிரப் பசையில் கிளிசரின் சேர்த்து, சுருக்கம் வைத்த காகிதத்தில் தடவி, 1925இல் மாஸ்கிங் டேப்பைக் கொண்டுவந்தார்.

அதுவரை பசை என்றால் எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதே பேச்சு. ட்ரூ தேடியது வேலை முடிந்ததும் சண்டையில்லாமல் விலகும் பசையை. வத்தலக்குண்டு பக்கம் டிங்கரிங் பட்டறைகளில் இன்றும் பழைய செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் ஒட்டிய கார்களைப் பார்க்கலாம். நூறு வருட உத்தி!

1935இல் ஸ்டான்டன் ஏவரி என்பவர் தானாக ஒட்டும் லேபிளை அமெரிக்காவில் கொண்டுவந்தார். ஸ்டிக்கரின் காலம் தொடங்கியது. ஒட்டுவது எளிதாயிற்று. உரிப்பது?

நம் நாட்டில் அந்தக் கேள்வி ஒரே வாரத்தில் வீட்டுக்கு வீடு வந்தது 2012இல். கார் கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டக்கூடாது என்று ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மே 4 முதல் அமல். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் புக வேண்டும் என்பது விதி. பிலிமைக் கிழித்தவர்களுக்குக் கண்ணாடி முழுவதும் பிசுபிசுப்பு மிஞ்சியது. பிளேடால் சுரண்டியவர்கள் சிலர், பின் கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகளையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள்.

அடுத்தது 2024. வாகனங்களில் ‘போலீஸ்’, ‘பிரஸ்’ போன்ற ஸ்டிக்கர்களை அனுமதியின்றி ஒட்டியிருந்தால் மே 2 முதல் நடவடிக்கை என்று சென்னைப் போக்குவரத்துப் போலீசார் அறிவித்தார்கள். சென்னையிலிருந்து என் தங்கை மகன் போன் செய்தான். அவன் சொந்தக் காரில் பின்பக்கம் ‘அரசு’ என்று பெரிதாக ஒட்டியிருந்தான். “மாமா, எடுத்தா பெயிண்ட் போயிடுமா?” என்று கேட்டான். அவன் கவலை பெயிண்டைப் பற்றி மட்டும் அல்ல என்று குரலிலேயே தெரிந்தது.

அவனுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். காரை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்தினால் பசை இளகும். நகத்தால் ஒரு மூலையைக் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் முதுகின்மேலேயே மடித்து மெதுவாக இழுக்க வேண்டும். செங்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் பசை தங்கிவிடும். நான் படித்த பிரெஞ்சில் இதற்குத் ‘தெகோலே’ என்பார்கள். விமானம் தரையைவிட்டு எழும்புவதற்கும் அதே சொல்தான். இரண்டும் தாழ்ந்த கோணத்தில்தான் நடக்கும்.

பிறகு காரை நிழலுக்குக் கொண்டுவந்து ஆறவிட வேண்டும். மிஞ்சிய பசைமேல் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மெத்தென்ற துணியால் உருட்டி எடுக்கலாம். அடம்பிடித்தால் மண்ணெண்ணெயோ, கொடைக்கானலில் விற்கும் யூகலிப்டஸ் தைலமோ கொஞ்சம், அதுவும் மறைவான மூலையில் சோதித்த பிறகு. உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். தின்னர் கூடவே கூடாது. வண்ணத்துக்குமேல் இருக்கும் கிளியர் கோட் தலைமுடியைவிட மெல்லியது. பட்டறையில் மறுபடி பெயிண்ட் அடித்த காராக இருந்தால் வண்ணமே கரைந்து வரலாம். பிளேடு கண்ணாடியோடு நிற்கட்டும். வண்ணத்துக்குப் பழைய ஏ.டி.எம். கார்டு போதும்.

இரண்டு நாள் கழித்துப் படம் அனுப்பினான். பசை சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் மூன்று எழுத்தும் அப்படியே தெரிந்தன! சுற்றிலும் வெயிலில் வெளுத்த வண்ணம். ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்தில் மட்டும் புதுக் கார் நிறம். பாலிஷ் போட்டால் கொஞ்சம் மங்கும், மீதியை இனி வரும் வெயில் பார்த்துக்கொள்ளும் என்றேன்.

“அதுவரைக்கும் இருக்கட்டும் மாமா” என்றான்.