தீர்க்காயுள்: யாழ்ப்பாணக் குடாநாட்டிற் குலவழியும் பால்வேற்றுமையும்

நெடுநாள் வாழ்தல் சில குடும்பங்களுக்கே வாய்த்த பேறு என்னும் நம்பிக்கை யாழ்ப்பாணக் குடாநாட்டிலே பழமையானது. சம்பந்தம் பேசுவோர் தினப்பொருத்தத்தால் ஆயுளையும் ரச்சுப்பொருத்தத்தால் மாங்கலிய பலத்தையும் ஆராய்வதோடு அமையாது, பேரனார் பேத்தியார் எத்தனை வயசு மட்டும் இருந்தவர்கள் என்றும் விசாரிப்பர். 1707 இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படுத்தியவாறே, ஆயுளையும் தந்தைவழி வருவது, தாய்வழி வருவது, வாழ்வில் தேடிக்கொள்வது எனப் பகுத்து நோக்குவோமாயின், இப்பொருளின் சரித்திரம் பெரும்பாலும் மூன்றாவதன் சரித்திரமே என்பது புலனாகும்.

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867 இல் தொடங்கியது; முதற் குடிசனமதிப்பு 1871 இல் நிகழ்ந்தது. அதற்கு முன்பு, ஓலையிற் சாதகம் எழுதுவித்த குடும்பங்களை விட்டால், முதியோரின் வயசு கொள்ளைநோய் வந்த ஆண்டையும் பெரும்புயல் வீசிய ஆண்டையும் கொண்டு கணிக்கப்பட்டதேயாகும்; ஆதலால் நூறு கண்டவர் எனப் போற்றப்பட்ட பலருடைய வயசு, அன்பினாலே சற்றுக் கூட்டிச் சொல்லப்பட்டது எனக் கொள்வதே நியாயம். 1901 ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பை நடத்தியவர் மானிப்பாயைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தவராகிய பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) ஆவார். அவர் எழுபது வயசிற் காலமாக, தமையனார் இராமநாதன் (1851–1930) எழுபத்தொன்பது வயசு மட்டும் வாழ்ந்தார். ஒரு வயிற்றிற் பிறந்து ஒரே செல்வநிலையில் வளர்ந்தோரிடத்தும் ஒன்பது வருஷ வேறுபாடு காணப்படுதல் கருதத்தக்கது.

பால்வேற்றுமையின் வரலாறு இன்னும் அதிசயமானது. பெண்ணே நெடிது வாழ்பவள் என்று இன்று உலகம் கொள்கின்றது. ஆயின் 1920–22 இல் இலங்கை ஆணின் பிறப்புக்கால ஆயுள் எதிர்பார்ப்பு 32.7 ஆண்டாக இருக்க, பெண்ணுக்கு 30.7 ஆண்டே இருந்தது. 1946 இல் அவை முறையே 43.9 உம் 41.6 உம். இக்குறை இயற்கையின் விதியன்று. அதில் ஒரு முக்கிய பகுதி பிள்ளைப்பேற்றறையில் நிகழ்ந்தது. இருண்ட அறையின் மூலையில், மருத்துவிச்சியின் கைத்திறமே துணையாக, சரக்கரைத்துக் கொடுக்கும் பத்தியமும் துடக்குக் கழிவும் ஒழுங்காக நடந்த வீட்டிலுங்கூட, இரத்தப்பெருக்குக்கும் பிரசவச் சுரத்துக்கும் பரிகாரம் இருக்கவில்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பள்ளியை நிறுவிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பிரசவ வைத்தியத்தையும் தமிழ் நூலாக்கிய செயல் இவ்விடத்து நன்றியோடு நினைக்கத்தக்கது. பின்னர், அந்நூற்றாண்டின் இறுதியில், பெண்களுக்கென்றே இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. ஆண் வைத்தியர் முன் வர நாணிய பெண்கள் அங்கே சென்றனர்.

ஆயினும் பெரும் மாற்றம் 1946 இன் பின்னரே வந்தது. டீ.டீ.டீ. மருந்தால் மலேரியா அடங்கியமையும், இலவச வைத்தியமும், பயிற்சி பெற்ற மருத்துவிச்சியர் கிராமந்தோறும் அமர்ந்தமையும் ஒருங்கே கூடின. ஆயிரம் உயிர்ப்பிறப்புக்கு ஏறக்குறைய 15 தாய்மார் இறந்த நிலை மாறி, 1960 அளவில் அத்தொகை 3 ஆயிற்று. ஆயுள் எதிர்பார்ப்பு 1963 இல் ஆணுக்கு 61.9, பெண்ணுக்கு 61.4; நான்கே ஆண்டின் பின், 1967 இல், ஆணுக்கு 64.8, பெண்ணுக்கு 66.9. ஒரு தலைமுறைக்குள் தராசு மறுபுறம் சாய்ந்துவிட்டது. பரம்பரை இவ்வளவு விரைவில் மாறுவதன்று. குடாநாட்டிலே பெண் சீதன வீட்டில், தாயின் அண்மையிலேயே குடியிருந்து பிள்ளை பெறும் வழக்கமும், வைத்தியசாலைக்கு அடுத்தபடியாக, அவளுயிரைக் காத்தது என்பது எம் துணிபு.

குலவழி பற்றிய அளவீட்டை 1899 இலும் 1901 இலும் இங்கிலாந்தில் மேரி பீற்றனும் கார்ல் பியர்சனும் தொடங்கினர். பெற்றோர் ஆயுளுக்கும் பிள்ளைகளின் ஆயுளுக்கும் தொடர்பு உண்டெனினும் அது சிறிதே எனக் கண்டனர். 1870 முதல் 1900 வரை பிறந்த டேனிஷ் இரட்டையரை ஆராய்ந்த 1996 ஆம் ஆண்டு ஆய்வு, ஆயுள் வேறுபாட்டிற் பரம்பரையின் பங்கை ஏறக்குறைய நாலிலொன்றாக மதித்தது. 2018 இல் மாபெரும் வம்சாவளித் திரட்டு ஒன்றை ஆராய்ந்தோர் அதனைப் பத்து வீதத்துக்கும் கீழாக இறக்கினர். தம்மை ஒத்தோரையே மக்கள் மணஞ்செய்து கொள்வதால் முந்திய கணக்குகள் மிகைப்பட்டன என்பது அவர் கூறிய காரணம். மச்சான் மச்சாள் மணமும் ஊருக்குள் மணமும் வழங்கிய குடாநாட்டுக்கு இது பெரிதும் பொருந்தும். அண்ணன் தம்பியர் பங்குக் கிணற்றில் ஒரே நீர் இறைத்து, ஒரே ஒடியற் கூழை உண்டு, முறைவைத்துத் துலா மிதித்து வாழ்ந்த வளவிலே, இரத்தம் தந்தது எது, கிணறு தந்தது எது என்று பிரித்தறிதல் எளிதன்று.

பெண்ணுக்கு இரு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இருத்தலும் பெண்ணோமோன் மாதவிடாய் நிற்குமட்டும் இருதயத்தைக் காத்தலும் உடல்வழிக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. எனினும் 2011–13 இல் இலங்கை ஆணுக்கு 72.0, பெண்ணுக்கு 78.6 என்னும் அகன்ற இடைவெளியை இவை மட்டும் விளக்கமாட்டா. சுருட்டும் சாராயமும் அதிற் பங்குடையன. அதற்கு முன்னைய, முப்பதாண்டுக்கு அண்மிய உள்நாட்டு யுத்தத்தில் இறந்தோரிலும் ஆண்களே மிகுதி. அக்காலத்துக் குடாநாட்டுக்கென முழுக் கணக்கும் இல்லை. 1981 இன் பின் 2012 இலேயே அங்கு முறையான குடிசனமதிப்பு நடந்தது.

அதே யுத்தம் உடன்பிறந்தாரை உலகெங்கும் சிதறடித்தது. தமக்கை கோப்பாயிலும் தங்கை ரொறன்ரோவிலும் தம்பி இலண்டனிலும் முதுமை எய்துகின்றனர். இரத்தம் ஒன்று, நீரும் உணவும் வைத்தியமும் வேறு. இவர்கள் பிறப்பத்தாட்சி உடைய தலைமுறையினர். வயசிற் சந்தேகம் இல்லை. இவர்களுடைய குடும்பப் பதிவுகளை, பதிந்தோர் உயிரோடிருக்கும்போதே, ஊர்தோறும் தொகுத்து வைப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மருத்துவபீடம் போன்ற நிலையங்கள் ஏற்கத்தக்க பணியாகும்.