சைகோன் ஆஸ்பத்திரியும் இரண்டு மருந்துகளும்

என் பெரியப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனில் உத்தியோகம் பார்த்தவர். புதுச்சேரியில் அப்போது பல குடும்பங்களில் ஒருவராவது சைகோன் போனவர் இருப்பார். அவர் பேச்சில் ஷோக்குவான் ஆஸ்பத்திரி அடிக்கடி வரும். இன்றைக்கு அது வெப்பமண்டல நோய் மருத்துவமனை. ஊரும் ஹோ சி மின் நகரம் ஆகிவிட்டது. 2013இல் அங்கிருந்து வந்த ஓர் ஆராய்ச்சி முடிவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். கதை அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் தொடங்குகிறது.

கிரிப்டோகாக்கஸ் என்று ஒரு பூஞ்சை. புறா எச்சத்தில் இருக்கும். திடமானவர்களைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. எய்ட்ஸ் வந்து எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு மூளை உறையில் இறங்கிவிடும்; மருந்தில்லாவிட்டால் மரணம்தான்.

1950களின் நடுவில் வெனிசுலாவில் ஒரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணிலிருந்து ஆம்போடெரிசின் கிடைத்தது. அமிலமாகவும் காரமாகவும் இரு விதமாக நடப்பதால் அந்தப் பெயர். (வேதியியலைப் பிரெஞ்சில் படித்ததால் 'அம்ஃபோத்தேர்' எனக்கு உடனே பிடிபட்டது.) பூஞ்சையின் மேலுறையை ஓட்டையாக்கிவிடும். ஆனால் நோயாளிக்குக் குளிர்ஜுரம் கண்டு தூக்கிப்போடும், சிறுநீரகமும் கெடும்.

இரண்டாவது மருந்து ஃப்ளூசைட்டோசின். 1957இல் ரோஷ் கம்பெனி புற்றுநோய்க்காகச் செய்தது. பலிக்கவில்லை. அதை விஷமாக மாற்றும் நொதி மனித உயிரணுவில் இல்லை. பூஞ்சையில் அது இருக்கிறது! தோற்ற காரணமே பிறகு பயனாயிற்று: பூஞ்சை தானே அதை விழுங்கி, விஷமாக்கி, மடிகிறது. 1968இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாகக் கொடுத்தால் பூஞ்சை சீக்கிரமே மசியாமல் போய்விடுகிறது.

அதனால் இரண்டையும் சேர்த்தார்கள். கஜானாவில் இரண்டு அதிகாரிகளிடம் இரண்டு சாவி இருக்குமே, அதுபோல. ஒரு சாவியை வைத்துக்கொண்டு திருடன் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மருந்துக்குத் தப்பிய பூஞ்சையை மற்றது பிடித்துவிடும். 1979இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், ஆம்போடெரிசின் மட்டும் 10 வாரம் கொடுத்ததைவிட, அளவைக் குறைத்து இரண்டையும் 6 வாரம் கொடுத்தது அதிகம் பேரைக் குணமாக்கியது. சிறுநீரகமும் அவ்வளவாகக் கெடவில்லை.

ஆனாலும் உயிர் பிழைப்போர் எண்ணிக்கை கூடுகிறதா என்பது தீராமலே இருந்தது. அதைத் தீர்த்தது பெரியப்பா சொன்ன ஆஸ்பத்திரி. எய்ட்ஸ் கிருமி தொற்றிய 299 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். 70 நாளில் ஆம்போடெரிசின் மட்டும் பெற்றவர்களில் 44 பேரும், கூட ஃப்ளூசைட்டோசின் பெற்றவர்களில் 30 பேரும் இறந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய நூறு பேர். 14 உயிர் வித்தியாசம்.

என்னை உறுத்துவது வேறு. ஃப்ளூசைட்டோசின் காப்புரிமை எப்போதோ காலாவதியானது. அப்படியும் அதைச் செய்து விற்பவர்கள் மிகச் சிலரே. நோய் அதிகமுள்ள ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றில் பல வருஷம் கிடைக்கவேயில்லை. விலையும் கொள்ளை. பூஞ்சைக்கு இதில் பங்கில்லை.

2022இல் உலக சுகாதார நிறுவனம், கொழுப்புறையிட்ட ஆம்போடெரிசின் ஒரே ஒரு தடவை, பிறகு 14 நாள் ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் என்று சிபாரிசு செய்தது. இப்போது சாவி மூன்று.