உருளைகளுக்கு நடுவே பிறந்த எஃகு

1957 மே 20 அன்று நேரு நெய்வேலியில் சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணில் பட 1961 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மேலே கிடந்த கடலூர் மணற்கல் லேசில் வழிவிடவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் (வாளிச் சக்கர) இயந்திரங்களின் பற்களைத் தேய்த்துத் தள்ளியது. வெடிவைத்துத் தளர்த்திய பிறகே சக்கரத்தை இறக்க முடிந்தது.

பல்லின் கதை தனி. அந்தச் சக்கரத்தை நீட்டிப் பிடித்திருக்கும் பூம் என்ற கையைப் பாருங்கள். இன்று அங்கே ஒரு பக்கெட்டுக்கு 1,400 லிட்டர் கொள்ளளவு உள்ள இயந்திரங்கள் ஓடுகின்றன. பூமின் நுனியில் ஒரு டன் கூடினால், அதற்கு ஈடாகப் பின்பக்கமும் பாரம் ஏற்ற வேண்டும். இரண்டையும் சுமக்கும் அடிப்பகுதியும் பெருத்துவிடும். எடை குறைய வேண்டும், ஆனால் வலு குறையக் கூடாது. கார்பனைக் கூட்டினால் வலு வரும். ஆனால் வெல்டிங் செய்த இடம் விரிசல் விடும். இரண்டாம் உலகப் போரின்போது, வெல்டிங் செய்து கட்டிய லிபர்ட்டி சரக்குக் கப்பல்கள் சில பிளந்துபோனதைப் பொறியாளர்கள் ஐம்பதுகளிலும் மறந்திருக்கவில்லை.

நெய்வேலிக்கு நேரு வந்துபோன மறு ஆண்டே, 1958இல், அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே கிரேட் லேக்ஸ் ஸ்டீல் நிறுவனம் இந்தச் சிக்கலுக்கு விடையாக, நியோபியம் என்ற உலோகம் கலந்த எஃகைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு டன் எஃகுக்கு நியோபியம் 300 கிராமுக்கு மேல் போகாது. சாம்பாரில் பெருங்காயம் மாதிரிதான். அதுவரை அரிதாகக் கிடைத்த அந்த உலோகம், பிரேசிலின் அராஷாவில் பெருஞ்சுரங்கம் திறந்ததும் கைக்கு எட்டியது.

இந்த எஃகு பிறந்த ஆண்டு 1958 என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த எஃகுக்கு வலு இருந்தது; ஆனால் வழக்கமான சூட்டில் உருட்டிய கனத்த தகடுகள் குளிரில் எளிதில் உடைந்தன. கலவையில் குறை இல்லை, உருட்டும் நேரத்தில்தான் குறை என்பது 1960களில் பிரிட்டன் ஆய்வாளர்களின் உழைப்பால் தெளிந்தது.

நடப்பது இதுதான். சுமார் 1,200 டிகிரியில் நியோபியம் இரும்புக்குள் கரைந்திருக்கும். அந்தச் சூட்டில் உருளை நசுக்கும் படிக மணிகள் உடனே கலைந்து, புதிதாக உருண்டு திரண்டுவிடும். வாங்கிய அடி நினைவில் தங்காது. தகடு ஏறக்குறைய 950 டிகிரிக்குக் கீழே இறங்கியபின் நசுக்கினால் நிலைமை வேறு. நசுங்கிய இடங்களிலேயே நியோபியமும் கார்பனும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் படியும். அது மணிகளின் எல்லைகளைப் பிடித்துக்கொள்ளும். மணிகள் திரும்பத் திரளாமல் தட்டையாகவே கிடக்கும். ஆறும்போது அந்தத் தட்டை மணிகளுக்குள் எண்ணற்ற புது மணிகள் முளைக்கும். சில மைக்ரான் அளவுள்ள இந்தச் சிறு மணிகள் வலுவையும் உடையாத தன்மையையும் சேர்த்தே தருகின்றன. இரண்டையும் ஒருசேரத் தரும் வழி எஃகில் வேறு ஏதும் இல்லை என்றே சொல்லலாம்.

ஆலைக்காரர்கள் இப்படி உருட்டுவதை விரும்பியிருக்க மாட்டார்கள். பாதி உருட்டிய தகட்டை உருளைப் பாதையில் முன்னும் பின்னும் ஓட்டி, மஞ்சள் நிறம் மங்கிச் சிவக்கும்வரை காத்திருக்க வேண்டும், உற்பத்தி தேங்கும். ஆறிய தகடு முரண்டு பிடிக்கும், மோட்டார் திணறும். பழைய ஆலைகள் பலவற்றுக்கு அந்தப் பளுவைத் தாங்கும் திராணியே இல்லை.

நம் நாட்டில் இந்த வகைத் தகட்டை 'செய்ல்' நிறுவனம் செய்ல்மா என்ற பெயரில் விற்கிறது. சாதாரணக் கட்டுமான எஃகு 250 மெகாபாஸ்கலில் வளையத் தொடங்கும் என்றால், செய்ல்மா 350 என்ற ரகம் 350 வரை தாங்கும். பாலங்களுக்கும் மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் இது போகிறது.

பழுதுபார்க்கும் பட்டறையில்தான் இதற்கு ஆபத்து. வளைந்த தகட்டை நிமிர்த்த கேஸ் டார்ச்சைக் காட்டி ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சினால் போதும், அந்தச் சிறு மணிகள் மறுபடி பருத்துவிடும். நியோபியம் எங்கும் போயிருக்காது, வலு போயிருக்கும். அதனால், குறித்த சூட்டில் உருகும் குச்சியால் தகட்டில் கோடு போட்டுக்கொண்டுதான் விவரமான வெல்டர் டார்ச்சைப் பற்றவைப்பார். கோடு உருகினால் டார்ச்சை எடுத்துவிடுவார்.