உலாவி கவர்தலும் மீட்டலும்

வீட்டுக் கணினியொன்றில் உலாவியைத் திறக்கும் ஒருவர், தாம் அமைத்துவைத்த முகப்புப் பக்கம் மறைந்து, முன்பின் அறியாத தேடுதளமொன்று அவ்விடத்தே அமர்ந்திருக்கக் காண்பாராயின், அவ்வுலாவி பிறர் கைப்பட்டதென்பது தெளிவு. முகப்பைப் பழையபடி அமைத்தாலும், கணினியை அணைத்து மீளத் திறந்ததும் அந்நியத் தளமே முன்வந்து நிற்கும். தேடிய சொல்லுக்கு விடையாக விளம்பரங்கள் வரும். கேளாத சாளரங்கள் ஒன்றன்மேலொன்றாகத் திறக்கும். இதனையே உலாவி கவர்தல் என்பர். கோப்புகளை அழிக்கும் பழைய நச்சுநிரல்களினின்றும் இது வேறானது. அவற்றை ஆக்கியோருட் பலர் புகழையோ குறும்பையோ நாடினர். உலாவியைக் கவர்ந்தோர் நாடியது பணம் ஒன்றையே. ஆதலின் இதன் வரலாறு, பொறிநுட்பத்தின் வரலாறாக மட்டுமன்றி வாணிகத்தின் வரலாறாகவும் ஆராயற்பாலது.

ஜெனீவாவை அடுத்துள்ள சேர்ண் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989இல் வலையமைப்பை முன்மொழிந்தபோது, அறிஞர் தம் ஆய்வுகளைப் பகிர்ந்துகொள்ளுதலே அதன் நோக்கமாயிருந்தது. ஆறாண்டு கழியுமுன்னரே வணிகர் உட்புகுந்தனர். 1994 ஒக்டோபர் 27ஆந் திகதி ஹொட்வயர்ட் என்னும் தளத்தில் முதன்முதலாகப் பட்டை விளம்பரங்கள் இடம்பெற்றன. அன்றுதொட்டுப் பார்வையாளரின் கண்ணும் சுட்டியின் ஒவ்வோர் அழுத்தமும் விலைப்பொருளாயின. தானாகத் திறக்கும் விளம்பரச் சாளரமும் அந்தப் பத்தாண்டின் ஆக்கமே. அதற்கான நிரலை எழுதியவருள் ஒருவராகிய ஈதன் சக்கர்மன் 2014இல் அதற்காகப் பொதுமன்னிப்புக் கோரினார். விளம்பர உலகில் இத்தகைய மன்னிப்பு அரிதென்க.

விலைப்பொருள் உண்டானபின் அதனைக் கவர வாயில் வேண்டும். அவ்வாயிலை உலாவியை ஆக்கியோரே நல்லெண்ணத்துடன் திறந்துவைத்தனர். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1995இல் இன்ரநெற் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. 1996இல் வலைப்பக்கம் வாயிலாகவே நிரல்களைக் கணினியில் நிறுவ இடந்தரும் அக்ரிவ் எக்ஸ் முறையை அதனுடன் இணைத்தது. 1997இல் உலாவித் துணைப்பொருள் என்னும் அமைப்பையும் சேர்த்தது. உலாவி திறக்குந்தோறும் இத்துணைப்பொருள் உடன் இயங்கும். பாவனையாளர் செல்லும் பக்கங்களை அறியும். அவற்றை மாற்றவும் வல்லது. ஆவணங்களை உலாவிக்குள்ளேயே காட்டுதல் போன்ற நற்பணிகளுக்கு அது உதவிற்று. ஆயினும் எவை நிறுவப்பட்டுள்ளன என்பதைப் பாவனையாளர் காணுதற்குரிய வழியெதுவும் அன்று அவ்வுலாவியில் இல்லை. காவலன் இல்லாத வாயிலைக் கள்வர் கண்டுகொள்ளுதல் வியப்பன்று.

முதலில் வந்தோர் கள்வர் என்று தம்மைக் கருதியவரல்லர். 1998இல் தோன்றிய கேற்றர் நிறுவனம் படிவங்களை நிரப்பியும் கடவுச்சொற்களை நினைவிற் கொண்டும் உதவும் இலவச மென்பொருளை வழங்கிற்று. அதற்கு ஈடாகப் பாவனையாளரின் உலாவலை நோக்கி விளம்பரங்களைக் காட்டிற்று. ஊதாநிறக் குரங்கொன்று திரையிற் குதித்து உரையாடும் பொன்சி படி என்னும் மென்பொருளும் 1999இல் வெளிவந்து குழந்தைகளை ஈர்த்தது. சிறுவரின் விவரங்களைப் பெற்றோரின் இசைவின்றித் திரட்டியமைக்காக அதன் உரிமையாளர் 2004இல் 75,000 டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டனர். இந்நிறுவனங்கள் யாவும் ஒரே விடையையே கூறின: பாவனையாளர் ‘ஏற்கிறேன்’ என்னும் பொத்தானை அழுத்தினார் அல்லவா என்பதே அது. பல பக்க உடன்படிக்கையின் நடுவே புதைந்து கிடந்த ஒரு வாக்கியத்துக்கு அளிக்கப்பட்ட சம்மதம் சம்மதமாகுமா என்பதே இவ்வரலாறு முழுவதிலும் எழும் வினா.

2003ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கே இடமில்லாத ஒன்று தோன்றிற்று. கூல்வெப்சேர்ச் என்னும் கூட்டுப் பெயரால் அது அறியப்படும். அது பொத்தானை அழுத்துமாறு எவரையும் கேட்கவில்லை. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ஜாவா இயந்திரத்தில் இருந்த ஒரு குறைபாட்டின் வழியே, வலைப்பக்கமொன்றைப் பார்த்த அளவிலேயே உட்புகுந்தது. முகப்பையும் தேடுதளத்தையும் மாற்றிற்று. கணினியின் முகவரிக் கோப்பைத் திருத்தித் தளப் பெயர்களைத் தன் வழிக்குத் திருப்பிற்று. அதன் தொடக்க வகையொன்று பக்கங்களின் தோற்றத்தை ஆளும் பாணிக் கோப்பின் உள்ளே ஒளிந்திருந்தது. அதனால் உலாவியில் ஒரு சொல்லைத் தட்டெழுதுவதுங்கூட ஆமை வேகமாயிற்று. அக்கோப்பில் ஐயுறத்தக்க நிரலிருக்கும் என எவரும் கருதாமையின் காரணம் கண்டறிதல் அரிதாயிருந்தது. பிற வகைகள் அடுத்தடுத்துத் தோன்றின. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவவில்லை.

இந்நிலையில் மீட்பாளராக முன்வந்தவர் பெருநிறுவனத்தாரோ அரசினரோ அல்லர். நெதர்லாந்தைச் சேர்ந்த மாணவரான மெரைன் பெல்லெகொம், கூல்வெப்சேர்ச்சை நீக்கவென்றே ஒரு சிறு கருவியை ஆக்கி, புது வகை தோன்றுந்தோறும் அதனைத் திருத்தி இலவசமாக வழங்கினார். தமிழ்ப் புறத்திணை மரபில் வெட்சியார் கவர்ந்த நிரையை மீட்போர் கரந்தை சூடுவர். கரந்தையை வெட்சியுள்ளேயே தொல்காப்பியர் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணையாக்கிற்று. கணினித் துறையிலும் மீட்டல் தனித்ததொரு கலையாகப் பிரிந்தது இக்காலத்திலேயாம்.

பெல்லெகொம் ஆக்கிய ஹைஜாக்திஸ் என்னும் மற்றொரு கருவி இதனினும் சிறப்புடையது. அது எதனையும் தீயதென்று தானாகத் தீர்ப்பதில்லை. கவர்வோர் பயன்படுத்தக்கூடிய இடங்கள் யாவற்றையும் ஆராய்ந்து, அங்குள்ளவற்றைப் பட்டியலாகத் தரும். முகப்பும் தேடுதளமும் ஆர் என்னும் குறியீட்டின்கீழ் வரும். முகவரிக் கோப்பு ஓ-1, உலாவித் துணைப்பொருள் ஓ-2, கருவிப்பட்டை ஓ-3, கணினி தொடங்கும்போது தாமே எழும் நிரல்கள் ஓ-4 எனத் தொடரும். நல்லனவும் தீயனவும் கலந்து நிற்கும் அப்பட்டியலைப் படித்துப் பிரித்தறிவதற்குப் பயிற்சி வேண்டும். பல நாடுகளிலும் தன்னார்வலர் அதனைக் கற்று, முன்பின் அறியாதோரின் பட்டியல்களை ஊதியமின்றி வரிவரியாக ஆராய்ந்து வழிகாட்டினர். மருத்துவம் பயில்வோர் போன்று மூத்தோரின் மேற்பார்வையில் இளையோர் பயின்ற பயிற்சிமுறையும் அவர்களிடையே உருவாயிற்று. இணையத்தின் வரலாற்றை எழுதுவோர் நிறுவனங்களின் எழுச்சியையே விரித்துரைப்பர். இவ்வுழைப்பைப் பற்றி ஒரு வரியேனும் எழுதுவோர் சிலரே. அது நேர்மையன்று. ஹைஜாக்திஸ் 2007இல் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனத்தின் உடைமையாயிற்று.

அவர்களின் கவனம் தேவைப்பட்டமைக்கு வலுவான காரணம் உண்டு. பட்டியலில் ஓ-10 என்னும் குறியீடு இணையத்துக்குச் செல்லும் தரவுகள் கடக்கும் சங்கிலியைக் குறிக்கும். கவர்நிரல் அச்சங்கிலியில் ஒரு கண்ணியாகத் தன்னைப் பிணைத்துக்கொண்டிருப்பின், அக்கோப்பை மட்டும் அழித்தவருக்கு இணையத் தொடர்பே அறுந்துபோகும். அறுந்தபின் உதவி தேடுதற்கும் வழியில்லை. வேறு சில நிரல்கள் இருவராக இயங்கின. ஒன்றை நிறுத்தினால் மற்றொன்று அதனை உடனே எழுப்பும். ஆதலின் இன்றியமையாத நிரல்கள் மட்டும் இயங்கும் பாதுகாப்பு முறையிற் கணினியைத் தொடக்கி, இரண்டும் உறங்கும் வேளையில் நீக்க வேண்டியதாயிற்று.

இடுக்கண் மிக்க இடத்திற் போலி வைத்தியரும் தோன்றுவர். அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2004 ஒக்டோபரில் சீஸ்மிக் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கு இதற்குச் சான்றாகும். உளவுநிரல் தொடர்பில் அவ்வாணையம் தொடுத்த முதல் வழக்கும் அதுவே. உலாவியின் குறைபாட்டால் உட்புகுந்து முகப்பை மாற்றியபின், குறுந்தட்டுத் தாங்கியைத் தானாக வெளியே தள்ளச்செய்து, இறுதி எச்சரிக்கை என்று திரையிற் காட்டி, ஏறத்தாழ 30 டொலர் விலையில் நீக்கும் மென்பொருளை அது விற்கச்செய்தது என ஆணையம் குற்றஞ்சாட்டிற்று. நோயைத் தந்தவனே மருந்தையும் விற்ற கதை இது. 2005இல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபர் இன்ரமிக்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்க, அது 7.5 மில்லியன் டொலர் செலுத்த இணங்கிற்று. 2006இல் சாங்கோ 3 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டு, 2009இல் மூடப்பட்டது. புதைந்து கிடக்கும் வாக்கியத்தாற் பெற்ற இசைவு இசைவாகாது என்னும் கொள்கை இவ்வழக்குகளால் வலுப்பெற்றது. இவ்வழக்குகளின் பெரும்பயன் தண்டப் பணமன்று, இக்கொள்கையே.

உலாவியை ஆக்கியோரும் விழித்தனர். 2004 ஓகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாந் திருத்தத்தொகுதி விளம்பரச் சாளரங்களைத் தடுத்து, துணைப்பொருள்களின் பட்டியலை முதன்முறையாகப் பாவனையாளரின் கண்முன் வைத்தது. அதே ஆண்டு நவம்பரில் வந்த பயர்பொக்ஸ் அக்ரிவ் எக்ஸை ஏற்கவேயில்லை.

இத்துடன் கவர்தல் ஒழிந்ததெனின் அது பிழை. திருட்டு வழி அடைபட, வணிக வழி அகன்றது. மென்பொருளாளர் தம் நிறுவியோடு பிறரது கருவிப்பட்டையையும் சேர்த்து, நிறுவப்படும் ஒவ்வொன்றுக்கும் கூலி பெற்றனர். முன்கூட்டியே குறியிடப்பட்ட சிறு கட்டமொன்றைக் கவனியாதுவிட்டால் தேடுதளம் மாறிவிடும். ஒரக்கிள் நிறுவனத்தின் ஜாவாவுடனும் ஆஸ்க் கருவிப்பட்டை இவ்வாறு வந்தது. அதன் பழைய பதிப்புகளை 2015இல் மைக்ரோசொப்ட் வேண்டத்தகாத மென்பொருளென வகைப்படுத்திற்று. வேண்டத்தகாத மென்பொருள்பற்றி வாரந்தோறும் 60 மில்லியனுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகளைத் தான் காட்டுவதாகவும், அது தீநிரல் எச்சரிக்கைகளின் மும்மடங்கு எனவும் 2016இல் கூகுள் அறிவித்தது. கவர்நிரலை நீக்கும் அட்வ்கிளீனர் போன்ற கருவிகள் பெருகியது இக்காலத்திலேயே.

லெனோவோ மடிக்கணினிகளில் விற்பனைக்கு முன்னரே இடப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் 2015 பெப்ரவரியில் வெளிப்பட்டமை யாவற்றினும் கொடிது. மறைகுறியிட்ட பக்கங்களிலும் விளம்பரம் புகுத்துதற்காக, அது தன் சான்றிதழொன்றை நம்பத்தக்கதாகக் கணினியிற் பதித்தது. எல்லாக் கணினிகளிலும் அதன் சாவி ஒன்றே. ஆகவே அச்சாவியை அறிந்த எவரும் வங்கித் தளம்போல் நடிக்க இயன்றது. நிரலை நீக்கியபின்னும் அச்சான்றிதழ் கணினியிலேயே தங்கிற்று. நீக்கல் என்பது காணும் நிரலை அகற்றுதல் மட்டுமன்று, அது விட்டுச்சென்ற மாற்றங்களையும் துடைத்தலே என்பதை இது போலக் காட்டிய நிகழ்ச்சி வேறில்லை. 2017இல் லெனோவோ கூட்டாட்சி ஆணையத்துடனும் 32 மாநிலங்களுடனும் உடன்பாடு செய்துகொண்டது.

குரோம் உலாவியின் துப்புரவுக் கருவி 2023இல் நிறுத்தப்பட்டது. முறைப்பாடுகள் குறைந்துவிட்டமை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. எனினும் உலாவி நீட்சிகள், அறிவிப்பு அனுப்ப இசைவு கேட்கும் தளங்கள், அலுவலகங்களுக்கென அமைந்த நிருவாகக் கொள்கைகள் ஆகியவற்றின் வழியாக அத்தொழில் தொடர்கின்றது. வீட்டுக் கணினியின் உலாவி, தான் ஒரு நிறுவனத்தால் நிருவகிக்கப்படுவதாகக் கூறுமாயின் ஐயுறுதல் தகும்.

இன்றைய மீட்டல்முறையும் மேற்கூறிய அனுபவங்களின் விளைவேயாம். முதலில் அண்மையில் நிறுவப்பட்ட நிரல்களைத் திகதி வரிசையில் நோக்கி, அறியாதனவற்றை நீக்குவர். நிரல் உயிரோடிருக்க உலாவியை மட்டும் திருத்துதல் வீண். அடுத்து நீட்சிகளையும் அறிவிப்பு இசைவுகளையும் அகற்றி, உலாவியை அதன் தொடக்கநிலைக்கு மீட்பர். பின்னர் உலாவியின் குறுக்குவழிச் சின்னத்தில் அந்நிய முகவரி ஒட்டப்பட்டுள்ளதா, நேரங்குறித்த பணிகளுள் அதனை மீள நிறுவும் கட்டளை உள்ளதா, பதிலாள் அமைப்பும் முகவரிக் கோப்பும் மாறியுள்ளனவா என ஆராய்வர். பெயர்பெற்ற ஆக்கியோரின் கருவியால் முழுக் கணினியையும் அலசுவது இதன்பின்னரே. இவையனைத்தும் முடிந்தபின்னரும் கவர்நீட்சி மீண்டு வருமாயின், அது கணினியில் ஒளிந்திருந்ததன்று. பாவனையாளரின் கணக்கோடு ஒத்திசைக்கப்பட்டு, வீட்டிலுள்ள மற்றொரு கணினியிலிருந்து திரும்ப இறங்குவதாகலாம். அவ்வேளை ஒத்திசைவை நிறுத்தி, இரு கணினிகளையும் ஒருசேரத் துப்புரவு செய்தல் வேண்டும்.