வைடூரியம்: ஒரு பெயர், இரு கற்கள்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. பெரும்பாலானவற்றில் மன்னர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. மிளகுக்கும் முத்துக்கும் மணிக்கும் விலையாக ரோமின் பொன் இப்படித் தமிழகத்தில் குவிந்தது. அந்த வணிகத்தோடு மேற்கே போன சொற்களில் ஒன்று வைடூரியம்.

வடமொழியில் வைடூர்யம், பாலியில் வேளுரியம். கிரேக்கர் நாவில் பெரில்லோஸ் ஆகி, இன்றைய கனிமவியலில் பெரில் என்று நிற்கிறது. இதன் வேர் திராவிடம் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. வெஸ்பாசியன் காலத்தவரான பிளினி, பெரில் இந்தியாவில் விளைவது, பிற இடங்களில் அரிது என்று எழுதினார். காங்கேயத்தை அடுத்த படியூரில் நீலப்பச்சைப் பெரில் வெட்டியெடுத்தார்கள். கொடுமணலில் கற்களை மணிகளாக்கினார்கள்.

ஆக, பழைய வைடூரியம் பெரில். இன்று நவரத்தினத்தில் அப்பெயரைச் சுமப்பதோ பூனைக்கண் எனப்படும் கிரைசோபெரில். கிரேக்கத்தில் ‘கிரைசோ’ என்றால் பொன்.

கல் மாறினாலும் உறவு அறவில்லை. இரண்டிலும் இருப்பது பெரிலியம். அத்தனிமத்தை 1798இல் வோக்லான் கண்டறிந்தது பெரிலிலும் மரகதத்திலும்தான். புவி மேலோட்டில் அது பத்து லட்சத்தில் இரண்டு மூன்று பங்கே. சிலிக்கா தாராளமாக உள்ள பாறையில் அது பெரும்பாலும் பெரிலாகிவிடும்; சிலிக்கா குறைந்து அலுமினியம் மிகுந்தால்தான் கிரைசோபெரில் உருவாக வாய்ப்பு. அதிலும் நுண்ணிய ஊசிகளோ குழல்களோ ஒரே திசையில் அடர்ந்து அமைந்தால்தான், குவிமாடமாகச் செதுக்கிய கல்லில் ஒளிக்கோடு ஓடும். இலங்கையின் இரத்தினபுரிச் சரளைப் படிவுகள் இதற்குப் பெயர் பெற்றவை.

கடைகளில் ஒளிக்கோடு ஓடும் படிகக்கல்லும் வைடூரியம் என்ற பெயரில் கைமாறுகிறது. அதில் பெரிலியம் கிடையாது. மோஸ் அளவில் அதன் கடினம் 7, கிரைசோபெரிலுக்கு 8.5, அடர்த்தி 2.65, கிரைசோபெரிலுக்கு ஏறத்தாழ 3.7. பழைய பொருளிலும் புதிய பொருளிலும் அந்தக் கல்லுக்கு இப்பெயர் உரியதில்லை. வாங்குவோர் ஒளிக்கோட்டை மட்டும் பார்த்து மயங்காமல், கனிமத்தின் பெயரைச் சான்றிதழில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.