பாலைநிலத்துக் குடும்பங்கள்: கலிபோர்னியாவின் பஞ்சாபி-மெக்சிகச் சமூகம் உருவான வரலாறு

கலிபோர்னியாவின் தென்கோடியில், மெக்சிக எல்லையை ஒட்டிக் கிடக்கிறது இம்பீரியல் பள்ளத்தாக்கு. 1920கள், 1930களில் அங்கே பிறந்த பிள்ளைகள் பலருடைய பெயர்கள் வரலாற்று மாணவரை நின்று பார்க்க வைப்பவை. முதற்பெயர் ஹோசே, மரியா என்று ஸ்பானிய வழக்கில் இருக்கும். பின்பெயர் சிங், கான் என்று முடியும். தந்தை பஞ்சாபின் ஜலந்தர், ஹோஷியார்பூர் பக்கத்து உழவர்; தாய் மெக்சிகக் கத்தோலிக்கர். இப்படி 300-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அமைந்தன.

மானிடவியலாளர் கேரன் லியனார்ட் 1992இல் வெளியிட்ட நூல் இக்குடும்பங்களை விரிவாக ஆராய்ந்தது. அந்த உழவர்களில் எவரும் மெக்சிகக் குடும்பத்தின் மருமகனாவோம் என்று எண்ணிக் கப்பல் ஏறவில்லை. இனச் சட்டங்களும் நிலச் சட்டங்களும் பாசன வேளாண்மையும் ஒரே காலத்தில் ஒரே இடத்தில் நெருக்கியபோதுதான் அந்த வாழ்க்கை அமைந்தது. எந்தச் சட்டம் எந்த முடிவுக்கு அவர்களைத் தள்ளியது என்பதை வரிசையாகப் பார்த்தால், அந்த அடையாளம் உருவான விதமும் பின்னர் மங்கிய விதமும் தெளிவாகும்.

வடக்கிலிருந்து தெற்கே

1900களின் தொடக்கத்தில் பஞ்சாபின் சிறு உழவர் குடும்பங்கள் கடனாலும், பாகப்பிரிவினையில் சுருங்கிய நிலத்தாலும் தவித்தன. பிரிட்டிஷ் படையில் வேலை பார்த்தவர்கள் கிழக்காசியத் துறைமுகங்களையும் கனடாவையும் பற்றிச் செய்தி கொண்டுவந்தனர். குடும்பத்தில் ஒருவர் கடல் கடந்து சம்பாதித்து, அடமானத்தை மீட்டுத் திரும்புவது என்பதே திட்டம். சிலருக்கு ஊரில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தனர்.

அமெரிக்க மேற்குக் கரையில் 1882ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர் வரவைத் தடுத்திருந்தது. ஜப்பானியர் வரவும் கட்டுப்படுத்தப்பட்டது. அந்த வெற்றிடத்தில் பஞ்சாபியர் மர அறுவை ஆலைகளிலும் ரயில்பாதைப் பணிகளிலும் வேலை பெற்றனர். எதிர்ப்பு உடனே வந்தது. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில் வெள்ளையர் கும்பல் இந்தியத் தொழிலாளர்களைத் தாக்கி ஊரைவிட்டே விரட்டியது. பலர் தெற்கே கலிபோர்னியாவின் வயல்களுக்கு நகர்ந்தனர். பெரும்பாலோர் சீக்கியர், முஸ்லிம்களும் சில இந்துக்களும் இருந்தனர். அமெரிக்கர்களுக்கோ அவர்கள் அனைவரும் 'ஹிந்து'க்கள்தாம்.

1912இல் ஸ்டாக்டன் நகரில் குருத்வாரா எழுந்தது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1913இல் தொடங்கிய கதர் கட்சிக்கு இந்த உழவர்கள் பணமும் ஆளும் தந்தனர். அப்போதும் அவர்கள் மனம் ஊர் திரும்புவதிலேயே இருந்தது.

ஆற்று நீரும் பருத்தியும்

இம்பீரியல் பள்ளத்தாக்கு பாலைநிலம். 1901இல் கொலராடோ ஆற்றின் நீர் கால்வாய் வழியே அங்கே வந்தது. சில ஆண்டுகளில் பருத்தி பெரும்பயிரானது. வாய்க்கால் பாசனம் பஞ்சாபியருக்குக் கைவந்த தொழில். கூலிகளாக வந்தவர்கள் பணத்தைச் சேர்த்துக் கூட்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்தனர்.

அதே காலத்தில் எல்லைக்கு அப்பால், 1910இல் வெடித்த மெக்சிகப் புரட்சி ஏராளமான குடும்பங்களை வடக்கே துரத்தியது. தாயும் மகள்களுமாகப் பருத்தி எடுக்க வந்தவர்கள் பஞ்சாபியரின் வயல்களில் வேலை செய்தனர். 1910களின் பிற்பகுதியில் திருமணங்கள் தொடங்கின.

சட்டங்களின் வரிசை

1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைத் தடைமண்டலமாக்கியது. ஊரிலிருந்து மனைவியை அழைத்துவர வழியில்லை; ஊருக்குப் போனால் திரும்பி வருவது உறுதியில்லை. உள்ளூரிலும் தடை இருந்தது. கலிபோர்னியாவின் கலப்பு மணத் தடைச் சட்டம், எழுத்தர் கண்ணுக்கு ஒரே நிறமாகத் தெரியும் இணைகளுக்கே நடைமுறையில் உரிமம் தந்தது. பஞ்சாபி ஆணும் மெக்சிகப் பெண்ணும் அந்தப் பார்வையில் தேறினர். ஒரு மாவட்டத்தில் மறுக்கப்பட்டவர்கள் வேறு மாவட்டத்திலோ அண்டை மாநிலத்திலோ பதிவு செய்துகொண்டனர்.

1923 பிப்ரவரியில் பகத் சிங் திந்த் வழக்கின் தீர்ப்பு வந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்திருந்த திந்த், சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' அல்லர்; ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த அடி நிலத்தின்மேல் விழுந்தது. குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியர் விளைநிலம் வாங்கக் கூடாது என்ற 1913ஆம் ஆண்டு மாநிலச் சட்டம், 1920இல் குத்தகைக்கும் நீண்டிருந்தது. திந்த் தீர்ப்புக்குப் பின் அது பஞ்சாபியர் மேலும் பாய்ந்தது. 1922ஆம் ஆண்டுக் கேபிள் சட்டத்தின்படி, குடியுரிமைக்குத் தகுதியற்ற ஆணை மணக்கும் அமெரிக்கப் பெண்ணும் தன் குடியுரிமையை இழந்தார்.

ஆனால் அமெரிக்க மண்ணில் பிறந்த பிள்ளைகள் அரசமைப்பின்படி குடிமக்கள். காலப்போக்கில் தந்தையர் பிள்ளைகள் பெயரில் நிலம் வாங்கி, காப்பாளராக இருந்து பயிரிட்டனர். நம்பிக்கையான வெள்ளை நண்பர் பெயரில் வாய்மொழி ஒப்பந்தத்தோடு நிலம் வைத்தவர்களும் உண்டு. நிலத்துக்காகவே திருமணங்கள் நடந்தன என்று சொல்வது தவறு. நிலச்சட்டம் கடுமையாகுமுன்பே பல குடும்பங்கள் அமைந்துவிட்டன.

வீட்டுக்குள்ளே

திருமணங்கள் பெண்வழி உறவில் பரவின. பஞ்சாபியை மணந்த பெண் தன் தங்கையையோ உடன்பிறந்தார் மகளையோ கணவரின் கூட்டாளிக்கு மணமுடித்து வைப்பார். குத்தகைக் கூட்டாளிகள் சகலைகள் ஆனார்கள். சீக்கியரும் முஸ்லிமும் ஒருவர் பிள்ளைக்கு மற்றவர் ஞானத்தந்தையாகத் தேவாலயத்தில் நின்றனர்.

பிள்ளைகள் பெரும்பாலும் கத்தோலிக்கராகவே வளர்ந்தனர்; வீட்டுமொழி ஸ்பானியம். வயலிலேயே பொழுதைக் கழித்த தந்தையரிடமிருந்து பஞ்சாபி மொழி பிள்ளைகளுக்குப் போய்ச் சேரவில்லை. சமையல் போய்ச் சேர்ந்தது. கணவர் கற்றுத்தர, ரொட்டியும் கோழிக் குழம்பும் மெக்சிகப் பெண்களின் கைக்கு வந்தன. இறப்பில் மட்டும் வழிகள் பிரிந்தன: சீக்கியர் உடல் எரியூட்டப்பட்டது, மனைவி கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கமானார்.

இதை இனிய காதல் கதையாக மட்டும் எழுதிவிட முடியாது. கணவர் பெரும்பாலும் வயதில் மிக மூத்தவர். சமையல், பணம், நண்பர்களுக்குப் பரிமாறுதல், பெண் வெளியே செல்வது என எல்லாவற்றிலும் சச்சரவு வந்தது. மணமுறிவுகள் பல. கசந்த வீட்டிலேயே காலம் தள்ளாமல் நீதிமன்றம் போன பெண்களும் இந்த வரலாற்றை எழுதியவர்களே.

கதவு திறந்தபின்

1946 ஜூலையில் லூஸ்-செல்லர் சட்டம் இந்தியருக்குக் குடியுரிமை பெறும் உரிமை வழங்கி, ஆண்டுக்கு 100 பேர் குடிவர இடமும் தந்தது. கலப்பு மணத் தடையைக் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1948இல் நீக்கியது. இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த திலீப் சிங் சௌந்த், குடியுரிமைக்காகப் பிரச்சாரம் செய்தவர். பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் வயலில் இறங்கியவர். செக் வம்சாவளிப் பெண்ணை மணந்த அவர், 1956இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவைக்குத் தேர்வானார். ஆசிய வம்சாவளியினர் ஒருவர் அங்கே வாக்குரிமையுள்ள உறுப்பினரானது அதுவே முதல்முறை.

சட்டம் தளர்ந்ததும் அந்தக் கலப்புக் குடும்ப வடிவத்தைத் தோற்றுவித்த நெருக்கடி தீர்ந்தது. 1947க்குப் பின் சில தந்தையர் இந்தியர், சிலர் பாகிஸ்தானியர் ஆயினர். 1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்துக்குப் பின் வட கலிபோர்னியாவின் யூபா சிட்டி வட்டாரத்துக்குப் பஞ்சாபிலிருந்து முழுக் குடும்பங்களே வந்தன. அவர்கள் கண்ணுக்கு, ஸ்பானியம் பேசி மாதாவை வணங்கும் சிங் குடும்பத்தார் அந்நியர்களாகத் தெரிந்தனர். தம்மை 'ஹிந்து' என்றே சொல்லி வளர்ந்த பிள்ளைகளை, புதிதாக வந்தவர்கள் தம்மவராக ஏற்கத் தயங்கினர். அப்பிள்ளைகளில் பலர் மெக்சிகக் குடும்பங்களிலும் வெள்ளையர் குடும்பங்களிலும் மணமுடித்துக் கலந்தனர்.

யூபா சிட்டியில் ரசூல் குடும்பம் 1950களில் தொடங்கிய எல் ராஞ்செரோ உணவகம் ரொட்டிக்குள் பாலாடைக்கட்டி வைத்த கசடியாவைப் பல பத்தாண்டுகள் பரிமாறி, 1990களில் மூடியது. அக்குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் கலிபோர்னியாவிலும் அரிசோனாவிலும் வாழ்கின்றனர். குடிவரவு வரலாற்றை மொழி, மதம், தேசம் என்ற கோடுகளாலேயே பிரித்து எழுதும் ஆய்வுகளில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. நிலப்பதிவேடு, திருமண உரிமம், நீதிமன்றக் கோப்பு ஆகியவற்றைச் சேர்த்து வாசிக்கும் ஆய்வில்தான் இக்குடும்பங்கள் முழு உருவோடு தென்படுகின்றன.